உயரமானவருக்கு மடக்கு சைக்கிள் ஒத்துவரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆறடிக்கு மேல் இருப்பவர் மடக்கு சைக்கிள் கடைக்குப் போனால் முதலில் கேட்பது, "இது எனக்குச் சரியா வருமா?" என்பதுதான். பெரும்பாலும் வரும் பதில், "சீட்டை ஏத்திக்கலாம்." வண்டியின் விவரத் தாளிலும் 142 செ.மீ. முதல் 190 செ.மீ. வரை என்பதுபோல ஒரு எண் போட்டிருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்பி வாங்கிவிடாதீர்கள். சீட் எவ்வளவு தூரம் மேலே போகும் என்பதைத்தான் அது முக்கியமாகச் சொல்கிறது. கால் எட்டுவது ஒரு கணக்கு, சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரையிலான இடைவெளி வேறொரு கணக்கு. முதலாவதைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. இரண்டாவதற்கு வழி குறைவு, சில வண்டிகளில் வழியே கிடையாது.

நான் ஆறடி இரண்டு அங்குலம். சிங்கப்பூரில் வீட்டிலிருந்து எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்துக்கும் அங்கிருந்து வேலைக்கும் மடக்கு சைக்கிளில்தான் போகிறேன். வண்டி ஏற்கெனவே கையில் இருந்தால் உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியைத் தேடிப் படியுங்கள். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதே அறிகுறிகளைக் கடையில் ஓட்டிப் பார்க்கும்போது கவனியுங்கள்.

முதலில் உடம்பை அளந்துகொள்ளுங்கள்

செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி போதும். கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தம் வரும்வரை மேலே தூக்குங்கள். புத்தகத்தின் ஓர் ஓரம் முழுக்கச் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் இரண்டு செ.மீ. தப்பிவிடும். மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அதுவரை அளந்தால் கிடைப்பது உள்கால் அளவு.

இதை 1.09-ஆல் பெருக்குங்கள். பெடலைத் தாங்கும் கை (கிராங்க்), சீட்டைத் தாங்கும் கம்பம் (சீட் போஸ்ட்) நுழையும் ஃப்ரேம் குழாயின் (சீட் டியூப்) நேர்கோட்டில் கீழே நிற்கும்போது பெடலிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்கவேண்டிய தூரம் அதுதான். ஹாம்லி, தாமஸ் என்ற இருவர் 1967-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்கு இது. உள்கால் 90 செ.மீ. என்றால் சீட் 98 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இங்கிருந்து ஆரம்பித்து, ஓட்டிப் பார்த்து அரை அரை செ.மீ. ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

உயரத்தோடு உள்கால் அளவை ஒப்பிட்டும் பாருங்கள். 186 செ.மீ. உயரமுள்ள இருவரில் ஒருவருக்கு உள்கால் 92, இன்னொருவருக்கு 83 என்று இருக்கலாம். முதலாமவருக்குக் கால் நீளம், அதனால் சீட் போஸ்ட்தான் பிரச்சினை. இரண்டாமவருக்கு உடம்பு நீளம், அவருக்குச் சீட் எளிதாக அமைந்துவிடும், ஆனால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இடம் குறுகலாக இருக்கும். இருவருக்கும் ஒரே வண்டியைச் சொல்ல முடியாது.

அறிகுறி: முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது, சீட்டை முழுக்க ஏற்றியாகிவிட்டது

சீட் தாழ்வாக இருக்கும்போது முழங்கால் அதிகமாக மடங்கிய நிலையிலேயே பெடலை அழுத்த வேண்டியிருக்கும். வலி முழங்கால் சில்லுக்கு அடியிலும் முன்பக்கத்திலும் வரும். பின்பக்கம் இழுத்துப் பிடித்தாலோ, பின்னால் வருபவர் பார்க்கும்போது இடுப்பு இடமும் வலமுமாக ஆடினாலோ சீட் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 டிகிரி வளைவு இருந்தால் சரி.

சீட் போஸ்ட்டில் குறைந்தபட்சம் எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றி ஓட்டவே கூடாது. "ஒரு செ.மீ. தானே" என்று தோன்றும். ஆனால் உயரமானவரின் எடை முழுவதும் நீண்ட போஸ்ட்டின் நுனியில் உட்கார்ந்து, உள்ளே மிச்சமிருக்கும் சிறு துண்டை வைத்து சீட் டியூபை நெம்பும். விரிசல் விட்டால் ஃப்ரேமே போச்சு.

செய்ய வேண்டியது நீளமான போஸ்ட் வாங்குவது. மடக்கு சைக்கிள் பிராண்டான பிராம்ப்டனில் மூன்று வகை உண்டு. சாதாரணப் போஸ்ட் உள்கால் சுமார் 84 செ.மீ. வரைக்கும், நீட்டிய போஸ்ட் 89 வரைக்கும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் டெலஸ்கோப்பிக் போஸ்ட் 99 வரைக்கும் போதும். 89-க்குள் இருப்பவர்களுக்கு நீட்டிய போஸ்ட்தான் என் பரிந்துரை. டெலஸ்கோப்பிக் எடை கூடியது, மடிக்கும்போது ஒரு வேலை அதிகம், இறுக்க வேண்டிய இடமும் ஒன்றுக்கு இரண்டு. ஆனால் 89-ஐத் தாண்டியவர்களுக்கு வேறு போக்கில்லை, தயங்காமல் அதையே போடுங்கள். டஹோன், டெர்ன் பிராண்ட் வண்டிகள் பெரும்பாலானவற்றில் போஸ்ட்டின் விட்டம் 33.9 மி.மீ., பிராம்ப்டனில் 31.8 மி.மீ. இரண்டிலும் 600 மி.மீ. நீளமுள்ள போஸ்ட்கள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கும் முன் பழைய போஸ்ட்டில் பொறித்திருக்கும் விட்டத்தைப் படித்துக்கொள்ளுங்கள். அரை மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் பிடிமானம் வராது.

நீளமான கிராங்க் மாற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். வழக்கமாக வருவது 170 மி.மீ. அதை 175 ஆக்கினால் கிடைப்பது அரை செ.மீ. அதற்காகச் செலவழித்து, பெடல் தரைக்கு இன்னும் நெருங்கி, மடிக்கும்போது எங்காவது இடிக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டிருப்பதில் பலனில்லை.

அறிகுறி: காலையில் வைத்த உயரம் மாலையில் இல்லை

இது உயரமானவர்களுக்கே அதிகம் வரும் தொல்லை. போஸ்ட் எவ்வளவு வெளியே நீள்கிறதோ அவ்வளவு நெம்பும் விசை கூடும், பிடிப்பில் இருக்கும் நீளமோ குறையும். மெதுவாக இறங்குவதால் பலருக்கு இது தெரிவதே இல்லை. வாரக் கணக்கில் முழங்கால் வலியோடு ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் சரியான உயரம் கிடைத்ததும், டியூபின் வாய்க்கு நேர் மேலே போஸ்ட்டில் அழியாத மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஓட்டி முடித்ததும் அந்தக் கோடு டியூபுக்குள் மறைந்திருந்தால் போஸ்ட் இறங்கியிருக்கிறது.

காரணம் பெரும்பாலும் அழுக்கும் எண்ணெயும். போஸ்ட்டை முழுக்க உருவி வெள்ளைத் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். முதல் துடைப்பில் துணி கறுப்பாகும், இரண்டாவதில் சாம்பல் நிறம், மூன்று நான்கு முறைக்குப் பிறகுதான் துணி வெளுப்பாகவே வரும். அப்போதுதான் நிறுத்த வேண்டும். அதே துணியை ஒரு குச்சியில் சுற்றி டியூபின் உள்ளேயும் சுழற்றித் துடைக்க வேண்டும். பலர் வெளியே மட்டும் துடைத்துவிட்டு, "அப்பவும் வழுக்குது" என்கிறார்கள். உள்ளே இருக்கும் எண்ணெய்ப் படலம்தான் போஸ்ட்டைத் திரும்பவும் நனைக்கிறது. சாதாரண சைக்கிளில் போஸ்ட்டுக்கு கிரீஸ் தடவுவது நல்ல பழக்கம். தினமும் ஏற்றி இறக்கும் மடக்கு சைக்கிளில் அதைச் செய்யாதீர்கள்.

துடைத்த பிறகும் இறங்கினால் போஸ்ட்டைப் பூட்டும் லிவரின் இறுக்கத்தைப் பாருங்கள். மூடும்போது உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்கு அழுத்தம் வேண்டும். நட்டைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் சீட்டில் உட்கார்ந்து ஒரு குலுக்குக் குலுக்கிப் பாருங்கள். ஒரேயடியாக இறுக்கினால் கிளாம்ப் விரிசல் விடும். அதற்கும் நிற்கவில்லை என்றால், டியூபுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை தேய்ந்திருக்கலாம். பிராம்ப்டனில் இதை மாற்றலாம், ஆனால் புது உறையைப் போஸ்ட்டின் அளவுக்குச் சீவிப் பொருத்த வேண்டும். அதற்கான கருவி உள்ள கடையில் கொடுப்பதே நல்லது.

அறிகுறி: திரும்பும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது, மார்பு ஒடுங்கிய உணர்வு

உடம்பு நீளமானவர்களின் குறை இது. இதைத்தான் வாங்கும் முன்பே கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் திருத்துவது கஷ்டம்.

சாதாரண சைக்கிளில் ஹேண்டில்பாரை முன்னே தள்ளிப் பிடிக்க ஒரு ஸ்டெம் இருக்கும். அதை 8 செ.மீ., 10 செ.மீ. என்று மாற்றிக்கொள்ளலாம். மடக்கு சைக்கிள்களில் பெரும்பாலும் ஹேண்டில் போஸ்ட் நேராக மேலே எழும்பி, அதன் உச்சியிலேயே பாரைப் பிடித்திருக்கும். மேலும் கீழும் நகர்த்த வசதி இருந்தாலும் முன்னே நகர்த்த வசதி இருக்காது. ஃப்ரேமும் எல்லோருக்கும் ஒரே அளவு. 1975-இல் ஆண்ட்ரூ ரிச்சி லண்டனில் வடிவமைக்கத் தொடங்கிய பிராம்ப்டனின் வழக்கமான மாடல்களிலும் முதன்மை ஃப்ரேம் எல்லோருக்கும் ஒரே அளவுதான். சக்கரமும் கீலும் செயினும் ஒன்றோடொன்று ஒட்டி மடிய வேண்டும் என்பதால் ஒரு குழாயை மட்டும் நீட்டிவிட முடியாது.

ஆனாலும் பயப்படும் அளவுக்குச் சின்ன வண்டி என்று நினைக்காதீர்கள். பிராம்ப்டனின் இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே சுமார் 104 செ.மீ. இருக்கிறது. சாதாரண ரோட் சைக்கிளிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். சக்கரம் சின்னது என்பதால் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது.

சரிசெய்யும் வரிசை இது. முதலில் சீட் உயரம் சரியா என்று மறுபடி பாருங்கள். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் மேலே வந்து இடிக்கும், ஏற்றியதுமே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும். சீட் டியூப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், 72 டிகிரி சாய்வில் போஸ்ட்டை 10 செ.மீ. ஏற்றினால் சீட் தானாகவே 3 செ.மீ. பின்னே போகும். உயரமானவருக்கு இது கூலியில்லாமல் கிடைக்கும் நீளம். அடுத்து, சீட்டின் அடிக்கம்பிகளைத் தளர்த்திப் பின்னே தள்ளுங்கள், இன்னும் இரண்டு மூன்று செ.மீ. கிடைக்கும். பிராம்ப்டனில் சீட்டைப் போஸ்ட்டோடு பிடிக்கும் பென்டாக்ளிப் முன்புறம் பார்த்துப் பொருத்தியிருந்தால் அதைத் திருப்பிப் போஸ்ட்டுக்குப் பின்னால் வரும்படி போடலாம். ஆனால் பெடல் முன்னே இருக்கும் நிலையில் முழங்கால் பெடல் அச்சுக்கு ரொம்பப் பின்னால் போகும் அளவுக்குத் தள்ளாதீர்கள், கால் பலம் வீணாகும்.

இதற்கு மேலும் ஒடுக்கமாக இருந்தால் ஹேண்டில்பார் பக்கம் வர வேண்டும். டெர்னின் சில மாடல்களில் ஆண்ட்ரோஸ் என்ற ஸ்டெம் வருகிறது. கருவி இல்லாமலே பாரை மேலும் முன்னும் சாய்த்துக்கொள்ளலாம். உடம்பு நீளமான ஒருவர் 20 அங்குலச் சக்கர வண்டி வாங்குகிறார் என்றால் வேறு எந்த வசதியை விடவும் இதற்குத்தான் பணம் கொடுக்கச் சொல்வேன். மற்ற வண்டிகளில் ஹேண்டில் போஸ்ட்டோடு இணைத்துப் பாரை முன்னே நீட்டும் அடாப்டர்கள் விற்கிறார்கள். போடலாம், ஆனால் மூன்று நான்கு செ.மீ. அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போஸ்ட்டின் அடிக்கீலுக்கு அது கூடுதல் சுமை. வண்டி முழுதாக மடிகிறதா என்று கடையிலேயே மடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அறிகுறி: கை மரத்துப்போகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது

இது முந்தையதற்கு நேர் எதிர். கால் நீளமானவர் சீட்டை உச்சிக்கு ஏற்றியதும் ஹேண்டில்பார் பள்ளத்தில் கிடக்கும். எடை உள்ளங்கைக்கு வந்துவிடும். தலையைத் தூக்கிப் பார்ப்பதால் கழுத்து வலிக்கும்.

டஹோன் வகை வண்டிகளில் ஹேண்டில் போஸ்ட் நீளக்கூடியதாக இருந்தால் ஏற்றிவிட்டால் போதும், அதிலும் குறைந்தபட்சக் கோடு உண்டு. பிராம்ப்டனில் பார் உயரத்தை நாமாக மாற்ற முடியாது. லோ, மிட், ஹை என்று வாங்கும்போதே முடிவாகிவிடும் (முன்பு எஸ், எம், எச் என்பார்கள்). மிட்டை விட ஹை 6 செ.மீ. உயரம். உள்கால் 88 செ.மீ.-க்கு மேல் இருப்பவர் நிமிர்ந்து ஓட்ட விரும்பினால் ஹைதான். ஆனால் நீண்ட உடம்புக்காரர் ஹை எடுத்தால் கையும் மார்பும் ஒட்டிக்கொள்ளும், அவருக்கு மிட் அல்லது லோ நல்லது. பிறகு மாற்றுவதென்றால் ஸ்டெம், கேபிள், பிரேக் கம்பிகள் எல்லாமே மாறும். செலவு கையைக் கடிக்கும்.

அறிகுறி: மேட்டில் முன்சக்கரம் லேசாகிறது, அலைகிறது

சீட் ஏறியதும் பின்னே போகிறது என்றேன் அல்லவா, அதன் மறுபக்கம் இது. உடம்பின் எடை பின்சக்கரத்தின் மேல் போய்விடுகிறது. மேம்பாலத்தில் ஏறும்போது முன்பக்கம் தூக்குவது போல இருக்கும்.

சீட்டை ஒரு செ.மீ. முன்னே கொண்டுவந்து பாருங்கள், ஏறும்போது முழங்கையை மடித்து முன்னே சாயுங்கள். எல்லாவற்றையும் விடப் பலன் தருவது சுமையை முன்னே மாட்டுவது. பிராம்ப்டனின் முன் பையும் டெர்னின் லக்கேஜ் ட்ரஸ் என்ற சுமைதாங்கியும் ஃப்ரேமின் முன்குழாயில் பொருந்துபவை. ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பாது, அதனால் மூன்று நான்கு கிலோ வைத்தாலும் திருப்புவதில் கனம் தெரியாது. நான் மடிக்கணினியையும் தண்ணீர் பாட்டிலையும் முன் பைக்கு மாற்றிய பிறகு வண்டி நிதானமாகிவிட்டது. பின் பையில் குதிகால் இடிக்கிறது என்ற குறைக்கும் இதுவே மருந்து. பெரிய பாதக்காரர்களுக்குப் பின் கேரியர் பைகள் ஒத்துவராது.

அறிகுறி: ஹேண்டில்பார் முன்னும் பின்னும் ஆடுகிறது

இதைத் தள்ளிப்போடாதீர்கள். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். இன்னொரு கையின் விரல்களை முதலில் ஹேண்டில் போஸ்ட்டின் கீலில் வைத்துப் பாருங்கள், பிறகு ஹெட்செட்டில் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்), பிறகு ஃப்ரேமின் நடுக்கீலில். எந்த இடத்தில் "டக்" என்று விரலுக்குத் தட்டுகிறதோ அங்கேதான் தளர்வு. நீண்ட போஸ்ட் கொஞ்சம் வளைந்து கொடுப்பது இயல்பு. ஆனால் அது தட்டாது.

கீல் லாட்ச் பாதி வழியிலேயே கைக்கு எதிர்ப்புக் காட்டி, முழுதாக மூடும்போது நன்றாக அழுத்த வேண்டியதாக இருக்க வேண்டும். ஒரே விரலால் மூட முடிந்தால் தளர்வு. சரிசெய்யும் நட்டையோ போல்ட்டையோ கால் சுற்று இறுக்கி மறுபடி சோதியுங்கள். அப்புறம் கீலைச் சுற்றியுள்ள பெயிண்ட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தால் அது கீறலா விரிசலா என்று நகத்தை ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். உயரமானவர் மேட்டில் பாரைப் பிடித்து இழுக்கும்போது கீலுக்குப் போகும் விசை மிக அதிகம்.

எடை வரம்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிராம்ப்டனுக்கு ஓட்டுபவரும் சுமையும் சேர்த்து 110 கிலோ. டஹோன், டெர்ன் வண்டிகளில் பலவற்றுக்கு 105 கிலோ. ஆறடி மூன்று அங்குலமும் 95 கிலோவும் உள்ளவர் ஒரு பையோடு ஏறினாலே அந்த எல்லைக்கு வந்துவிடுகிறார். சின்னச் சக்கரத்தில் காற்று குறைந்தால் ரிம் அடிபடும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்தின் மேல் எல்லையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தாகிவிட்டது, இன்னும் பொருந்தவில்லை

அப்படியானால் வண்டியை மாற்றுங்கள், அதில் தவறில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் யூஜின் நகரில் 1992 முதல் இயங்கும் பைக் ஃப்ரைடே நிறுவனம், வாங்குபவரின் அளவுக்கேற்ப ஃப்ரேமைச் செய்கிறது. விலை அதிகம், காத்திருக்கவும் வேண்டும். ஆனால் ஆறடி நாலு அங்குலத்துக்கு மேல் இருந்து, தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு அது நியாயமான செலவு. மாண்டேகு நிறுவனத்தின் மடக்கு வண்டிகள் வழக்கமான பெரிய சக்கரத்தோடு, பல ஃப்ரேம் அளவுகளில் வருகின்றன. காரின் பின்னால் வைத்துக்கொண்டு போகிறவருக்கு அருமையான தேர்வு. ரயிலில் ஏற்றுபவருக்குப் பெரிது.

ரயில் என்றதும் அளவு நினைவுக்கு வர வேண்டும். சிங்கப்பூரில் எம்ஆர்டியிலும் பேருந்திலும் மடக்கு சைக்கிள் 120 × 70 × 40 செ.மீ.-க்குள் மடிய வேண்டும். பிராம்ப்டன் மடித்தால் ஏறத்தாழ 58 × 57 × 27 செ.மீ. நீட்டிய போஸ்ட் போட்டால் சீட் சுமார் 6 செ.மீ. மேலே நிற்கும், அதுவும் வரம்புக்கு உட்பட்டதே. 20 அங்குல வண்டிகளில் சில 70 செ.மீ. விளிம்பில் நிற்பவை. நீளமான போஸ்ட்டோ அடாப்டரோ போட்டிருந்தால் டேப் எடுத்து அளந்துவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் போஸ்ட்டை முழுக்க உருவிக் காட்டச் சொல்லுங்கள். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே வளையம் வளையமாகத் தேய்ந்த தடம் இருந்தால், முந்தைய உரிமையாளரும் உங்களைப் போல உயரமானவர், கோட்டைத் தாண்டி ஏற்றி ஓட்டியிருக்கிறார். அந்த வண்டியின் சீட் டியூப் வாயையும் அதன் பின்பக்க வெல்டிங்கையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.